கெடு நாளும் இறங்குவழியும்

கிர்கிஸ்தானின் கிழக்கு மூலையில், இசிக்குல் ஏரியிலிருந்து சற்றே உள்ளே தள்ளி, கராகோல் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 1,750 மீட்டர். தெருக்களில் பாப்ளர் மரங்கள், மரத்தால் கட்டிய பழைய ரஷ்ய வீடுகள், சீனத்திலிருந்து வந்து குடியேறிய டூங்கன் முஸ்லிம்களின் மரப் பள்ளிவாசல். ஊர் முடிகிற இடத்திலேயே மலை தொடங்கிவிடுகிறது. வீட்டுத் தோட்டங்களின் ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் ஊசியிலைக் காடு, அதற்கு மேல் புல்வெளி, அதற்கு மேல் பாறை, உச்சியில் பனியாறு. தியான்ஷானின் ஒரு கிளையான இந்தத் தொடருக்கு டெர்ஸ்கேய் அலா-டூ என்று பெயர்.

இந்த மலைகளிலும், நாட்டின் தென்கோடியில் பாமீரைப் பார்த்து நிற்கும் அலாய் தொடரிலும், ஒரு கோடை முழுக்கத் தனியாக நடப்பது என்று முடிவு செய்தேன். நடந்த நாட்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் இப்படியொரு நடைக்குப் போக நினைக்கும் தமிழர்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது, புறப்படுவதற்கு முன்பு மேசையில் உட்கார்ந்து போட்ட திட்டம்தான் என்று நம்புகிறேன். நான்கு பேர் சேர்ந்து போகும்போது யாராவது ஒருவர், ‘மேகம் கறுக்குது, இன்னிக்கு வேண்டாம், திரும்பிடலாம்’ என்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் குரல் கிடையாது. களைப்பும் பசியும் ஆசையும் சேர்ந்து ஒரே தலைக்குள் முடிவெடுக்கும். ஆகவே அந்த இரண்டாவது குரலை ஊரில் இருக்கும்போதே எழுதி, பையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தனிநடைத் திட்டம் என்று நான் சொல்வது அதைத்தான்.

முன்னால் கடந்தவர்கள்

தியான்ஷான் கணவாய்களை மனிதர்கள் நெடுங்காலமாகக் கடந்துவருகிறார்கள். சீனத் துறவி யுவான் சுவாங் கி.பி. 630 வாக்கில் இந்த மலைகளைத் தாண்டித்தான் இசிக்குல் கரைக்கு வந்தார். அவர் கடந்தது இன்றைய சீன எல்லையில் உள்ள, 4,284 மீட்டர் உயரமுள்ள பெடெல் கணவாய் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மலையைக் கடக்க ஏழு நாள் ஆயிற்று என்றும், உடன் வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் குளிரிலும் பசியிலும் மாண்டார்கள் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய சீடர் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பயணி அதன்பின் பல ஆண்டுகள் நடந்து பல்லவர்களின் காஞ்சிபுரம்வரை வந்தார் என்பது நமக்குப் பாடப்புத்தகத்திலேயே தெரியும். காஞ்சிக்கு வருவதற்கு அவர் கொடுத்த விலையில் ஒரு பங்கு இந்தப் பனியில் இருக்கிறது.

1916-இல் இதே கணவாய்கள் இன்னொரு துயரத்தைப் பார்த்தன. முதல் உலகப்போர்க் காலத்தில் மத்திய ஆசிய ஆண்களைக் கட்டாய வேலைக்கு இழுக்க ரஷ்யப் பேரரசு ஆணையிட்டது. கிர்கிஸ் மக்கள் எழுந்தார்கள். எழுச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. குழந்தைகளோடும் மந்தைகளோடும் சீனத்துக்குத் தப்பியோடிய குடும்பங்கள் மேலே பனியில் சிக்கின. ‘உர்குன்’ என்று கிர்கிஸ் மக்கள் நினைவுகூரும் அந்த ஓட்டத்தில் இறந்தவர்கள் பல பத்தாயிரம் பேர்.

இதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே படித்தது என்னைப் பயமுறுத்தவில்லை. நிதானப்படுத்தியது. மலையை நன்கு அறிந்தவர்கள் கூட்டமாகப் போயும் உயிரிழந்த வழிகள் இவை. பொழுதுபோக்காக, தனியாக, திரும்பி வரும் டிக்கெட்டோடு இங்கே நடக்கக் கிடைத்திருப்பது அண்மைக்காலச் சுதந்திரம். அதைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும்.

சோவியத் காலத்து ஒழுங்கு

என் திட்டத்துக்கு வடிவம் கொடுத்தது சோவியத் காலத்து மலைநடை மரபு. அங்கே மலைநடை ஒரு விளையாட்டு. அதற்கென்று நூல்பிடித்த ஒழுங்கு இருந்தது. கடினமான நடைக்குப் போக விரும்பும் குழு, முதலில் ஒரு பாதைக் குழுமத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். எந்தப் பள்ளத்தாக்கில் ஏறி எந்தக் கணவாயைக் கடக்கிறீர்கள், ஒருவருக்குக் காலில் அடிபட்டால் எந்த வழியாக இறங்குவீர்கள், கணவாய் மூடியிருந்தால் மாற்றுவழி என்ன என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் பாதைப் புத்தகத்தில் முத்திரை விழும். அதிலே ஒரு தேதி எழுதப்படும். நடை முடிந்து கீழே வந்ததும் குழு தந்தி அடிக்க வேண்டிய கடைசி நாள் அது. அந்த நாள் கடந்தும் தந்தி வராவிட்டால் மீட்புப் பணி தேடத் தொடங்கும்.

தர வரிசையில் வரும் நடைகளுக்குத் தனி ஆளை அந்தக் குழுமங்கள் அனுமதிக்கவில்லை. குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கும் இருவர் உதவி தேடிப் போவதற்குமான கணக்கு அது. அந்தக் கணக்கு இன்றும் சரிதான். தனியாகப் போகிறவர் அதை மீறுகிறார் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் ஈடாக என்ன செய்வது என்று யோசிக்கத் தோன்றும். நான் செய்தது இது: அந்தக் குழுமம் கேட்கும் கேள்விகளை எனக்கு நானே எழுதிக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் பதில் எழுதினேன். பதில் இல்லாத நாளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்தக் கடைசித் தேதியைக் ‘கெடு நாள்’ என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் பாதியில் கீழே இறங்கக்கூடிய பாதையை ‘இறங்குவழி’ என்றும் குறித்துவைத்தேன்.

அதே மரபு விட்டுச்சென்ற இன்னொரு செல்வம் வரைபடங்கள். சோவியத் இராணுவத் தலைமையகம் தயாரித்த நிலப்பட வரைபடங்கள் இன்று எவருக்கும் கிடைக்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவில் இந்த மலைகளின் ஒவ்வொரு மடிப்பும் அதில் இருக்கிறது. பாலங்களையும் குடிசைகளையும் நம்ப முடியாது. ஆறு பாலத்தை அடித்துக்கொண்டு போயிருக்கும். பனியாறுகளும் படத்தில் உள்ளதைவிடச் சுருங்கியிருக்கும். சரிவும் முகடும் மாறாது. கைபேசியில் இணையமில்லாமல் திறக்கும் வரைபடத்தையும் இந்தப் பழைய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோடு போட்ட பாதை எந்த இடத்தில் செங்குத்தாகச் சரிகிறது என்பது தெரிந்துவிடும்.

கணவாய்களுக்கு அவர்கள் கொடுத்த தர வரிசையும் பெரிய உதவி. தரமிடாத எளிய கணவாய்கள் அடியில். அதற்கு மேல் 1ஏ, 1பி என்று தொடங்கி 3பி வரை ஏறும். 1ஏ என்றால் சரளையும் பாறையும் எளிய பனிச்சரிவும். 1பி-யில் வெடிப்புள்ள பனியாறு வந்துவிடுகிறது, கயிறு தேவைப்படலாம். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாதவருக்கு எல்லை அங்கேயே முடிகிறது. வரைபடத்தில் எத்தனை அழகாக இருந்தாலும், 1ஏ-வுக்கு மேற்பட்ட எந்தக் கணவாயையும் நான் திட்டத்தில் சேர்க்கவில்லை.

எப்போது, எந்த வரிசையில்

உயரக் கணவாய்களில் ஜூன் கடைசிவரை பனி கிடக்கும். செப்டம்பர் நடுவில் புதுப்பனி விழத் தொடங்கும். இடைப்பட்ட ஜூலையும் ஆகஸ்டும் செப்டம்பரின் முதல் பாதியும்தான் நடைக்காலம். மேய்ப்பர்கள் மேலே இருப்பதும் இந்தக் காலத்தில்தான். அவர்கள் கீழே இறங்கிய பிறகு தனியாக மேலே இருப்பது வேறு மாதிரியான பயணம். அது என் நோக்கமில்லை.

பாதையின் வரிசையை முடிவு செய்தது உயரம். நமது தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். டெர்ஸ்கேயில் இரண்டாவது இரவுக் கூடாரமே அதற்கு மேலே போய்விடும். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கிப் பழகினால் காலும் முழங்காலும் உறுதிப்படும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஆனால் சமவெளியில் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் உயரத்துக்கு உடல் பழகாது. மேலே போய், நாட்களைக் கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மலைத்தொடர்களையும் பார்த்தேன். டெர்ஸ்கேயில் 1,750 மீட்டரில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம். எந்தப் பள்ளத்தாக்கிலிருந்தும் ஒரே நாளில் காட்டு உயரத்துக்கு இறங்கிவிடலாம். அலாயில் அப்படி இல்லை. ஓஷ் நகரத்திலிருந்து கிளம்பும் வண்டி 3,615 மீட்டர் உயர டால்டிக் கணவாயைத் தாண்டி, ஏறத்தாழ 3,000 மீட்டரில் உள்ள சாரி-மொகோல் கிராமத்தில் அன்றைக்கே இறக்கிவிடும். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம்தான். ஆகவே முதலில் டெர்ஸ்கேய், பிறகு அலாய். இடையில் ஓஷ் நகரத்தில் சோர்வாற ஓய்வு.

தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மேலே ஓர் அடியும் வைக்கக் கூடாது, இறங்க வேண்டும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் போனாலோ இரவானாலும் இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோப்பதன் அறிகுறி அது. அந்த நிலையில் மூளையே தெளிவாக யோசிக்காது என்பதால் தனியாளுக்கு இது இரட்டை ஆபத்து. அதனால் இந்த அறிகுறிகளைத் தாளில் எழுதி, தினமும் மாலை ஒவ்வொன்றாகப் படித்து, ஆம், இல்லை என்று குறிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அசெட்டசோலமைடு மாத்திரை பழகுவதற்கு உதவும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

அலா-குல் கரையில்

திட்டம் மலையைச் சந்தித்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். கராகோல் பள்ளத்தாக்கில் ஏறிப்போனால், 3,532 மீட்டரில் அலா-குல் என்ற ஏரி. மேகம் விலகினால் நீலப்பச்சை. மூடினால் ஈயத்தின் நிறம். ஏரியின் கரையோரமாக ஏறி, ஏறத்தாழ 3,900 மீட்டரில் உள்ள கணவாயைக் கடந்தால், மறுபுறம் ஆல்டின்-அராஷான் வெந்நீர் ஊற்றுகளுக்கு இறங்கலாம். கணவாயின் மறுபக்கத் தொடக்கம் செங்குத்தான சரளைச் சரிவு. கால் வைத்தால் கல்லோடு சேர்ந்து நாமும் நழுவுவோம்.

தியான்ஷானில் கோடை வானிலைக்கு ஒரு நடை உண்டு. காலை தெளிவாக இருக்கும். நண்பகலுக்கு மேல் மேகம் திரளும், பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியும் வரும். ஆகவே என் தாளில் இருந்த விதி: மதியம் பன்னிரண்டுக்குள் கணவாயின் மேல் இல்லையென்றால் அன்று கடப்பதில்லை. அந்தக் காலையில் ஏரிக்கரையில் மூடுபனி கலைய நேரமாயிற்று. பதினொன்றரைக்குக் கணவாய் இன்னும் தொலைவில் இருந்தது. கூடாரம் போட்டுவிட்டேன். சிறிது நேரத்தில் நான்கு பேர் கொண்ட இளைஞர் குழு ஒன்று என்னைக் கடந்து மேலே போனது. கைகாட்டிவிட்டுப் போனார்கள். அன்று மாலை ஆலங்கட்டி கூடாரத்தைத் தட்டித் தீர்த்தது. அடுத்த நாள் வெந்நீர் ஊற்றில் அவர்களைப் பார்த்தேன், எல்லோரும் பத்திரம்.

அவர்கள் போனதும் சரி, நான் நின்றதும் சரி. நான்கு பேர் எடுக்கக்கூடிய முடிவை ஒருவர் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். திட்டத்தில் கூடுதலாக வைத்திருந்த நாட்கள் இதற்காகத்தான். இருப்பில் உணவும் நாளும் இருந்தால் காத்திருப்பது எளிது. விமானத் தேதி முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தால் எந்த விதியும் நிற்காது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் நடை நாட்களில் நான்கில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்கும்படி எல்லோருக்கும் சொல்வேன்.

ஆறுகள்

வீட்டில் எல்லோரும் கேட்டது ஓநாயைப் பற்றி. கவலைப்பட வேண்டியது ஆற்றைப் பற்றி. இங்குள்ள ஆறுகள் பனியாற்றின் உருகுநீர். இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் விடியலில் நீர் தாழ்ந்திருக்கும்; வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்கு வரும். காலையில் கணுக்காலளவு நனைந்து கடந்த ஓடை மாலையில் ஆளை அடித்துக்கொண்டு போகும். அதனால் ஆறு கடக்க வேண்டிய நாட்களில் முந்தின மாலை ஆற்றங்கரையில் தங்கி, விடிந்ததும் கடக்கும்படி நாட்களைப் பிரித்தேன்.

இடம் தேர்வதிலும் விதி உண்டு. குறுகிய இடத்தில் நீர் ஆழமும் வேகமும் கொண்டிருக்கும். அகன்று பல கிளையாகப் பிரியும் இடமே நல்லது. காலணியோடு இறங்க வேண்டும், ஊன்றுகோல் வேண்டும், முகம் நீர் வரும் திசையை நோக்கியிருக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடி முழங்காலைத் தாண்டினால் தனியாள் திரும்பிவிட வேண்டும். பக்கத்து மேய்ப்பர் குடும்பத்தில் குதிரை கேட்டால் கொடுப்பார்கள். அதற்குரிய பணத்தைக் கொடுப்பது முறை. என் வரைபடத்தில் ஒவ்வொரு ஆற்றுக்கும் பக்கத்தில் அருகிலுள்ள மேய்ச்சல் குடியிருப்பைக் குறித்துவைத்ததன் காரணம் இதுவே.

கட்டுச்சோறு

உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 3,500 மீட்டரில் கொதிநிலை ஏறத்தாழ 88 பாகை. அரிசி வேக நெடுநேரம் ஆகும், துவரம்பருப்பு எளிதில் வேகாது. இதைக் கணக்கில் எடுத்தால் நம் சமையலறையில் மலைக்கேற்ற பொருட்கள் நிறைய இருப்பது தெரியும். அவலுக்கு வெந்நீரில் ஊறினால் போதும். சத்துமாவு வறுத்து அரைத்தது, கலக்கினால் கஞ்சி. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எந்த மந்தமான சாப்பாட்டையும் வாய்க்கு ஏற்றதாக்கும். கடலைமிட்டாயும் பேரீச்சையும் நடந்துகொண்டே தின்ன. நாளொன்றுக்கு உலர் எடையாக 600 முதல் 800 கிராம் தேவைப்படும். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் சுமக்க நினைக்காமல், கராகோல், ஜிர்கலான், ஓஷ், சாரி-மொகோல் என்று கடையுள்ள ஊர்களைச் சுற்றியே கட்டங்களைப் பிரித்தேன். ஜிர்கலான் பழைய நிலக்கரிச் சுரங்கக் கிராமம். சுரங்கத்தொழில் நொடித்தபின் மலைநடைக்காரர்களை வரவேற்று அந்த ஊர் மீண்டும் எழுந்துகொண்டிருக்கிறது.

அடுப்புக்கான வாயுக் குப்பியை விமானத்தில் எடுத்துப்போக முடியாது. அடுப்பை மட்டும் கொண்டுபோய்க் குப்பியைத் தலைநகர் பிஷ்கெக்கிலோ கராகோலிலோ வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு தெளிவாக ஓடினாலும் ஓடை நீரை அப்படியே குடிக்கக் கூடாது. மேலே ஆடும் மாடும் குதிரையும் மேய்கின்றன. வடிகட்டி வேண்டும், அல்லது இந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

மேலே இருக்கும் மனிதர்கள்

கிர்கிஸ்தானின் சராசரி உயரமே ஏறத்தாழ 2,750 மீட்டர். நாட்டின் கோடை வாழ்க்கை மேலேதான் நடக்கிறது. ஜைலூ எனப்படும் மேய்ச்சல் வெளிகளில் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை குடும்பங்கள் யூர்ட் கூடாரம் போட்டுத் தங்குகின்றன. நாம் ‘மனிதர் அற்ற தொலைவு’ என்று வரைபடத்தில் நினைக்கும் பள்ளத்தாக்கில் ஒரு பாட்டி தயிர் கடைந்துகொண்டிருப்பார். தனிநடையின் உண்மையான காப்பு இந்த மனிதர்கள்தான். ஆகவே அவர்களுடைய முறைகளைக் கற்றுக்கொண்டு போவதும் திட்டத்தின் பகுதி. வயதில் மூத்த பெண்ணை ‘எஜே’ என்றும், மூத்த ஆணை ‘பைகே’ என்றும் அழைப்பார்கள். அக்கா, அண்ணன் என்று நாம் அழைப்பதுபோல. யூர்ட் வாசலில் நாய் இருக்கும். தொலைவிலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே வரச் சொன்னால் காலணியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். அவசரமாகப் போகிறவரும் ரொட்டியில் ஒரு துண்டாவது பிட்டு வாயில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதும் தரையில் வைப்பதும் அவமதிப்பு. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த கிமிஸ் கொடுப்பார்கள். அதில் சிறிது போதை உண்டு. புலால் உண்ணாதவர் அதை முதலிலேயே பணிவாகச் சொல்லிவிட்டால், ரொட்டியும் பாலேடும் பழப்பாகும் வந்துசேரும்.

இவர்களோடு பயணியை முறையாக இணைக்கும் ஓர் அமைப்பும் இருக்கிறது. சமூகம்சார் சுற்றுலாக் குழுக்கள் 2000-ஆம் ஆண்டில் கோச்கோர் என்ற ஊரில், ஹெல்வெடாஸ் என்ற ஸ்விட்சர்லாந்துத் தொண்டு நிறுவனத்தின் துணையோடு தொடங்கின. இன்று பல ஊர்களில் அவற்றுக்கு அலுவலகம் உண்டு. தங்குமிடம், குதிரை, வழிகாட்டி, எல்லை அனுமதி எல்லாம் அங்கே கேட்கலாம். பணம் நேரே குடும்பங்களுக்குப் போகிறது.

ஜமீலா என்ற குறுநாவலைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிலம் அந்நியமாக இருக்காது. சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதைகள் சோவியத் பதிப்பகங்கள் வழியாக நம் வீடுகளுக்கு வந்தன. இப்போது இன்னொரு உறவும் சேர்ந்திருக்கிறது. மருத்துவம் படிக்கப் போன தமிழ் மாணவர்கள் பிஷ்கெக்கிலும் ஓஷிலும் இருக்கிறார்கள். ஓஷ் கடைத்தெருவில் திடீரென்று மதுரைத் தமிழ் காதில் விழுந்து, ரசம் சாதத்துக்கு அழைப்பு வந்தது என் பயணத்தின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று.

தாள்களும் கருவிகளும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்த மின்விசா எந்தெந்த நுழைவாயில்களில் செல்லும் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும். சீன, தஜிகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குத் தனியாக எல்லைப்பகுதி அனுமதிச் சீட்டு உண்டு. லெனின் சிகரத்தின் அடிவாரம், இனில்செக் பனியாறு, ஜிர்கலானுக்குக் கிழக்கே போகும் சில பாதைகள் ஆகியவை இதில் அடங்கும். சீட்டு கைக்கு வர நாட்களாகும் என்பதால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். சோதனைச்சாவடி இல்லாத பாதையிலும் சீட்டில்லாமல் போகக் கூடாது. மேய்ச்சல் வெளியில் இராணுவ ரோந்து வரும்.

காப்பீட்டு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். பல வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகளில் மலைநடை விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும். நம் பாதையின் மிக உயர்ந்த இடத்தின் அளவைச் சொல்லி, தேடுதலுக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நாட்டின் அவசர எண் 112. ஆனால் கைபேசி அலை பெரும்பாலும் கிராமத்தோடு முடிந்துவிடும்.

அங்கேதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வருகிறது. தனிநடைக்கு அது மிகப் பெரிய துணை. நம் நாட்டவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் கைதானவர்கள் உண்டு. ஆகவே அதை ஊரிலிருந்து கொண்டுபோக நினைக்காமல், போகிற நாட்டில் சட்டப்படி வாடகைக்கு எடுத்துத் திரும்பக் கொடுத்துவிட்டு வரும் வழியைத் தேட வேண்டும்.

கருவி இருந்தாலும் கெடு நாள் வேண்டும். கருவியை அழுத்த நினைவும் கையும் வேண்டும். கெடு நாளுக்கு அவை தேவையில்லை. நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாள் எழுதினேன். எந்தப் பள்ளத்தாக்கு, எந்தக் கணவாய், எந்த இரவு எங்கே, இறங்குவழி எது, கூடாரத்தின் நிறம் என்ன, இரத்த வகை என்ன, எந்த நாள் எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும். ஒரு நகல் வீட்டுக்கு, ஒரு நகல் கராகோலில் நான் தங்கிய வீட்டு எஜேக்கு, ஒன்று ஓஷில் பழக்கமான மாணவர்களுக்கு. கெடு நாளை உத்தேச நாளுக்கு இரண்டு நாள் தள்ளியே வைத்தேன். ஆலங்கட்டிக்காக ஒரு நாள் காத்திருந்தாலும் யாரும் பதற வேண்டியதில்லை. திட்டத்தை மாற்ற நேர்ந்தால், தாளில் எழுதிய இறங்குவழிகளுக்குள் மட்டுமே மாற்றுவது என்று உறுதி கொடுத்தேன். தேட வருகிறவர்கள் தேடுவது தாளில் உள்ள பள்ளத்தாக்கில்தான்.

இவ்வளவு கட்டுப்பாடும் தனிநடையின் சுதந்திரத்தைக் குறைக்காதா என்று நண்பர்கள் கேட்டார்கள். என் அனுபவம் இதற்கு நேர்மாறு. எங்கே திரும்புவது என்பது முன்பே முடிவாகியிருந்ததால் நடக்கும்போது தலைக்குள் வாக்குவாதம் இருக்கவில்லை. கண்ணும் காதும் மலைக்கு முழுதாகக் கிடைத்தன. கழுகின் வட்டம், மர்மட்டின் விசில், அலாய்ப் பள்ளத்தாக்குக்கு மறுபுறம் 7,134 மீட்டர் உயர லெனின் சிகரம் விடியலில் நிறம் மாறுவது, எல்லாவற்றுக்கும் நேரமிருந்தது. ஒரே ஓர் ஆளாக நடந்தேன் என்றாலும், மூன்று ஊர்களில் சிலர் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படியொரு நடை உங்கள் மனதிலும் இருந்தால், பையும் காலணியும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். போகிற வழியை எழுதுவது எளிது. திரும்புகிற வழிகளையும், எதைக் கண்டால் திரும்புவீர்கள் என்பதையும், கெடு நாளையும் எழுதுங்கள். அதை நம்பிக் கொடுக்க ஒரு மனிதரைத் தேடிக்கொள்ளுங்கள். அந்த மனிதரிடம், சொன்ன நாளில் சொன்ன இடத்திலிருந்து அழைப்பேன் என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியும் என்று உங்களுக்கே உறுதியாகத் தோன்றும் நாளில் டிக்கெட் எடுங்கள்.